லபீசோவின் பேரைச் சுமந்த வண்டு

டோர்காஸின் வேலை என்ன என்று யாராவது கேட்டால், அவள் அம்மா, "செத்த வண்டைக் குளிப்பாட்டிப் படுக்கவைக்கிறா" என்பாள். சரியான பதில்தான். கொரோகா நகரில் உள்ள பூச்சிக் காப்பகத்தில், காய்ந்த வண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து, தூரிகையால் தூசி துடைத்து, ஆறு காலையும் ஒரே அளவாக நீட்டி, ஊசியில் நிறுத்துவது அவள் வேலை. அவள் கைபட்ட வண்டை ஒரு பெட்டி நிறைய வண்டுகளுக்கு நடுவிலும் அடையாளம் கண்டுவிடலாம். கால்கள் அப்படி நேராக இருக்கும்.

காபிக்கொட்டை விற்க மலையிலிருந்து இறங்கி வந்த அவளுடைய குனுரே மாமாவின் கோட்டுக் கையில்தான் அந்தக் கூன்வண்டு உட்கார்ந்திருந்தது. முதுகில் பாசி முளைத்த வண்டுகள் அந்த மலைகளில் உண்டு. ஆனால் இதன் மூக்கில் நீளவாக்கில் ஒரு பள்ளம், முழங்கால்களில் சிவப்பு. டோர்காஸ் காப்பகத்தின் எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்தாள், புத்தகங்களையும் புரட்டினாள். யாரும் இதற்குப் பேர் வைத்திருக்கவில்லை.

"நீயே இதைப் பற்றிக் கட்டுரை எழுது. கீழே உன் பேர்தான் வரும்" என்றார் காப்பக அதிகாரி. "ஆனால் இது பெண். ஆண் வேண்டும்."

ஆண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கும் சின்னக் கொக்கியைப் பார்க்காமல் இந்த வகை வண்டுகளைப் புதிது என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷம் மற்றவர்கள் எழுதியதற்கு வண்டு துடைத்துக் கொடுத்தவளுக்கு முதல்முறையாக ஒன்று சொந்தமாக வந்திருக்கிறது. அதற்கு ஒரு ஆண் வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. விடுப்பு போட்டுவிட்டு மலையிலிருக்கும் தன் ஊருக்குப் போனாள்.

மலை உச்சிக் காடு குனுரே மாமாவின் வம்சத்துக்குச் சொந்தம்.

"போய்க்கோ, யாரு வேணாம்னா" என்றார் மாமா. "வண்டுக்கு யாரு பேரு வைக்கப்போறே?"

"இன்னும் யோசிக்கலை மாமா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் காடு, என் கோட்டு. எம்பேரையே வை."

டோர்காஸ் சந்தோஷமாகச் சம்மதித்தாள். நகரத்தில் இருந்து இருந்து, தன் ஊரில் பேர் கொடுப்பது என்றால் என்னவென்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. பேரை வாங்கியவன் கொடுத்தவனுக்கு ரத்த சொந்தத்தைவிட ஒரு படி மேல். அவனுக்குத்தான் முதல் கவளம். அவனுக்கு ஒன்று ஆனால் கொடுத்தவன் நியாயம் கேட்டே ஆகவேண்டும்.

மேகத்துக்குள் நனைந்து, உதிரும் பூச்சிகளைப் பிடிக்கக் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கிளை கிளையாகத் தட்டி, கடைசியில் ஒரு ஆண் கிடைத்தது. ஒரு பெண்ணின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்ததால் ஆணா என்ற சந்தேகமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள்.

"அது எதுக்கு? குடிக்கவா?" என்றார் மாமா.

"இல்ல மாமா, இதுல போட்டா செத்துடும்."

மாமா புகைந்துகொண்டிருந்த சுருட்டைக் கீழே வைத்தார். "என் வீட்டுல, என் அடுப்புகிட்ட உக்காந்து, என்னையே கொல்லப் பாக்கிறியா?"

"பேரு இன்னும் அச்சுல வரலையே மாமா."

"ஊரெல்லாம் சொல்லியாச்சு. அச்சு எதுக்கு?"

வண்டை வாங்கித் தன் தோளில் விட்டுக்கொண்டார். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு முதல் துண்டை அதற்கு வைத்தார். அது தொடவில்லை. "வெட்கப்படுது" என்றார். "எவ்வளவு காலம் இருக்கும்?"

"சிலது அஞ்சு வருஷம்கூட இருக்கும்."

"இருக்கட்டும். எனக்கும் துணை வேணும்ல."

டோர்காஸ் அழாத குறை. பிறகு ஒரு வழி தோன்றியது: "சரி மாமா, உங்க பேரு வேணாம். லபீசோ பேரை வச்சிடறேன்."

லபீசோ ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆள். அவர் வளர்த்த பன்றி மாமாவின் கிழங்குத் தோட்டத்தை உழுதுபோட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மாமா வண்டைத் தோளிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சியும் அவனை மாதிரிதான் இருக்கு" என்று சொல்லி, பாட்டில் மூடியை அவரே திறந்துகொடுத்தார்.

டோர்காஸ் மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். உச்சிப்பொழுதுக்குள் சேதி ஓடையைத் தாண்டிவிட்டது. துக்கத்துக்குப் பூசும் களிமண்ணை முகமெல்லாம் அப்பிக்கொண்டு, சொந்தக்காரர்கள் புடைசூழ லபீசோ வந்து நின்றார்.

"குனுரே, என் பேர்க்காரனை உன் வீட்டுல வச்சுக் கொன்னிருக்கீங்க. அவன் உயிருக்கு ஈடா பன்னி எங்கே?"

"செத்தது வண்டுய்யா."

"நேத்து அதுக்குக் கிழங்கு சுட்டுப் போட்டது யாரு?"

மாமா தன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். லபீசோ விடவில்லை.

"பன்னியைக் குடு. இல்லேன்னா எங்க ஆளைக் குடு, எடுத்துட்டுப்போய் அடக்கம் பண்ணிக்கிறோம்."

டோர்காஸ் வண்டு இருந்த பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமா அவள் முகத்தைப் பார்த்தார். கட்டியிருந்த பன்றிகளைப் பார்த்தார்.

"சின்ன உடம்புதானே. சின்னப் பன்னியா எடுத்துக்கோ."

"உடம்புதான் சின்னது. பேரு பெரிசு."

மாமா பெருமூச்சு விட்டு, பெரிய பன்றியின் கயிற்றை அவிழ்த்தார். இனி யாரும் பாட்டிலைக் கேட்க முடியாது.

குழியில் சுட்ட கற்களுக்கு நடுவே இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது, இறந்தவனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்றார்கள். அவனை நன்றாகப் பார்த்தவள் டோர்காஸ் ஒருத்திதான். எழுந்து நின்று, எழுதியதையே படித்தாள்.

"உடல் கறுப்பு, பளபளப்பு இல்லை."

"பளபளப்பு இல்லையே" என்று கிழவிகள் ஒப்பாரி எடுத்தார்கள்.

"மூக்கின் நடுவே ஆழமான பள்ளம். முழங்கால்கள் சிவப்பு."

"சிவந்த முழங்காலு, ஐயோ சிவந்த முழங்காலு."

"முதுகில் பாசி. இறக்கைகள் ஒட்டியவை, பறக்க முடியாது."

"பாவம், ஓடவும் முடியலை" என்றார் லபீசோ. "கல்யாணம் ஆச்சா அவனுக்கு?"

"அந்த நேரத்துலதான் பிடிச்சேன்" என்றாள் டோர்காஸ்.

லபீசோ உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவும் வேறு பக்கம் பார்த்தார். ஈடு கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே இலையில்தான் சாப்பிடவேண்டும், பேசாமலே சாப்பிட்டார்கள். பாதியில் மாமா உப்பை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

லபீசோ நல்ல கொழுப்புத் துண்டாகப் பார்த்து டோர்காஸ் பக்கம் தள்ளினார். "நல்லா எழுதியிருக்கே புள்ள. உங்க ஆபீசுப் பெரியவங்க கேட்டா, இந்தப் பேரு வைக்கக் குடும்பத்துல எல்லாருக்கும் சம்மதம்னு சொல்லு."

கொக்கியை வரைந்து காட்ட இன்னும் ரெண்டு ஆண் வண்டாவது இருந்தால் நல்லது என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொல்ல இது நேரமில்லை என்று டோர்காஸ் கொழுப்பை வாயில் போட்டுக்கொண்டாள்.