வேம்புவின் ஃபேன்

மேட்டுப்பாளையத்தில் எங்கள் பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் எனக்குத்தான் சர்வீஸ் அதிகம். சூப்பர்வைசர் ஆக்கியதோ, போன வருஷம் சேர்ந்த வேம்புவை. அவளிடம் அப்படி என்ன இருக்கிறது? யார் பேச வந்தாலும், கடகடக்கும் ஃபேனை நிறுத்திவிடுவாள். தகரக் கூரையின் கீழே வியர்த்து வழிய, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பாள். இதற்குப்போய் எல்லோரும் அவளைக் கொண்டாடுகிறார்கள்! எனக்கு வயிறு எரிந்தது.

நேற்று நேரே போய்க் கத்தினேன்: "என் வேலைய நீ பறிச்சிக்கினியே!"

வேம்பு ஃபேனை நிறுத்தினாள். "உக்காருங்கண்ணா. முழுசா சொல்லுங்க."

எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டில்கூட யாரும் நான் சொல்வதை அப்படிக் கேட்டதில்லை. எழுந்தபோது மனசு லேசாகியிருந்தது. அதுவும் அவளால்தான் என்பது இன்னும் எரிகிறது.