அப்பா சட்டி கழுவின வருசம்

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்கு வரலாறு தெரியாது. ஆரும் கதைச்சால் தலையை மட்டும் ஆட்டுவன்.

இண்டைக்கு கிளிநொச்சி பஸ்ஸிலை, அரசியல் ஆக நல்லாய் இருந்தது எந்த வருசம் எண்டு வாக்குவாதம்.

சீற்றிலை இருந்த செல்வம் அண்ணை, "சண்டை நிண்டு யாழ்ப்பாணத்துக்கு ஏ9 பாதை திறந்த வருசம்தான்" எண்டார்.

கம்பியைப் பிடிச்சு நிண்ட ராமையா அண்ணையைச் சீண்டினன். "உங்கடை வருசம் எது?"

"அவை மலைநாட்டாலை பிறகு வந்த ஆக்கள். அவைக்கென்ன வருசம்?" எண்டார் செல்வம் அண்ணை.

ராமையா அண்ணை மெல்லமாச் சொன்னார். "குடியுரிமையே இல்லாம இருந்த எங்கம்மாவுக்கு மொதத்தடவ ஓட்டு கெடைச்ச வருசம்ங்க. வெரல்ல வச்ச மை அழியக்கூடாதுன்னு ஒரு வாரமா அப்பாதான் சட்டி கழுவுனாரு."

செல்வம் அண்ணை தள்ளியிருந்து இடம் விட்டார். "இருங்கோ. அதுதான் வருசம்."

உங்கடை வருசத்தைக் கீழை எழுதுங்கோ.

வீட்டை வந்து மனுசியின்ரை மண்சட்டியை நான் கழுவினன். இப்ப அது ரெண்டு துண்டு.