கொடி கட்டிய வால்நட் மரம்

பிரான்சில், தோர்தோன் ஆற்றங்கரையில் அனிசேயைப் போல அவசரக்காரர் இன்னொருவர் கிடையாது. சூப் ஆறும்வரை பொறுக்க மாட்டார். அறுபத்தேழு வயதிலும் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வார். சொத்து என்று அவருக்கு இருந்தவை முப்பத்தொரு வால்நட் மரங்கள். எல்லாம் காட்டு வால்நட் மரங்களில் அப்பா நெஞ்சுயரத்தில் நல்ல வகையை ஒட்டுக்கட்டி வளர்த்தவை.

1956 பிப்ரவரியில் மூன்று வாரம் ஊரே உறைந்து கிடந்தது. மரப்பட்டைகள் வெடித்தன. மார்ச்சில் அனிசே கிளைநுனிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே கறுப்பு. எல்லாம் போச்சு என்று ரம்பத்தை எடுத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்து மார்சியால் வேலியோரம் வந்து நின்றார்.

"நுனி கருகினா அடியும் செத்துருச்சுன்னு அர்த்தமாண்ணே? ஜூன் வரைக்கும் பாப்போம்."

"பிணத்த வச்சுக்கிட்டு ஜூன் வரைக்கும் ஒக்காந்திருக்கச் சொல்றியா?"

முப்பது மரங்களை முழங்கால் உயரத்தில் அறுத்துச் சாய்த்தார். மிச்சமிருந்த ஒன்று வீட்டுக்குப் பின்னால் நின்றது. மனைவி லியோனி அதில்தான் துணிக்கொடி கட்டியிருந்தாள்.

"இதையும் வெட்டிட்டா உன் கால்சட்டைய எங்கய்யா காயப்போடுவேன்? உன் கழுத்துலயா?"

அவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் விட்டுவிட்டார்.

ஜூன் இரண்டாம் வாரம் லியோனி ஈரத்துணியோடு நின்று அவரைக் கூப்பிட்டாள். மரத்தின் நுனியெல்லாம் கருகியே கிடந்தது. ஆனால் தடித்த கிளைகளில், பட்டையைப் பிளந்துகொண்டு செம்பழுப்புத் தளிர்கள் வந்திருந்தன. வேலிக்கு அப்பால் மார்சியாலின் மரங்களும் அப்படியே தளிர்த்திருந்தன.

அனிசேக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. போய் அடிக்கட்டைகளைப் பார்த்தார். அவையும் முளைவிட்டிருந்தன, ஆனால் ஒட்டுக்குக் கீழிருந்து வந்த காட்டு முளைகள். காய்த்தால் ஓடுதான் மிஞ்சும், பருப்பு தேறாது. அப்பாவின் ஒட்டை உயிரோடு அறுத்துப் போட்டவர் அவர்தான்.

மார்சியால் எதையும் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கொடி மரத்துல குச்சி வெட்டி, வர்ற வசந்தத்துல அந்த முளைங்கள்ல ஒட்டுக் கட்டிரலாம்ணே. நானும் வரேன்."

"காய்க்க எத்தன வருசமாகும்?" என்று லியோனி கேட்டாள்.

"பத்து வருசமாவது ஆகும்."



மதியம் லியோனி ஆவி பறக்கும் சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். கூடையைக் காலிசெய்துவிட்டு அவள் திரும்பியபோது சூப்பின் மேல் கொழுப்பு உறைந்திருந்தது. கரண்டி வைத்த இடத்திலேயே இருந்தது.