விருந்தாளிக்காகக் கருகிய பள்ளத்தாக்கு

போன வருடம் மழை விட்டிருந்த நேரம், பசறைக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நான் அப்போது கேம்பஸில் தாவரவியல் இறுதியாண்டு. தோட்டத்துக்குக் கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கில் எத்தனை பூக்கும் தாவரக் குடும்பங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பதுதான் என் ஆய்வு. அது இல்லாமல் பட்டம் இல்லை. பூக்கிற அந்தச் சில வாரங்களை விட்டால் அடுத்த வருடம்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். சந்தோஷமாகத் தந்தார்.

தோழிகளோடு போய் இறங்கினால், இரு கரையும் பழுப்பாகக் கிடந்தது. காட்டுக் காசித்தும்பை, தரை ஆர்க்கிட் எல்லாம் வெட்டுப்பட்டு, மிச்சம் களைநாசினியில் கருகிக் கிடந்தது. மருந்து டாங்கியோடு அந்த வழியே வந்த பக்கத்து வீட்டு மாமாவை மறித்துக் கேட்டேன்.

“தொரதாம்மா சொன்னாரு. கேம்பஸ்ல இருந்து ஆளுங்க வாறாங்க, பள்ளத்த துப்புரவாக்கி வைங்கன்னு. ஒனக்குத்தானேன்னு நாங்களும் ஓரம் விடாம அடிச்சோம்.”

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் தோட்டத்தில் வழியோரக் கல்லுக்குக்கூட வெள்ளை அடிப்பார்கள். நேரே துரையிடம் போனேன்.

“இனி அட்டை கடிக்காது, பயமில்லாம போகலாம்” என்று சிரித்தார்.

“பூ பாக்கத்தானே சேர் வந்தோம்?”

“அதெல்லாம் திரும்ப மொளைக்கும்” என்று போனை எடுத்துக்கொண்டார்.

கொதித்துப்போய், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்குத் திரும்பினேன். பின்பக்கக் குழாயில் கால் கழுவும்போதுதான் எங்கள் வீடுகளின் கழிவுநீர் ஓடும் கானைப் பார்த்தேன். அது அடைத்துக்கொண்டு வருடக்கணக்காகிறது. துப்புரவாக்கித் தரச்சொல்லி அம்மா கேட்காத ஆள் இல்லை. அதில் பெருகிய கொசுவால் தங்கச்சி டெங்குவில் கிடந்து எழும்பினாள். அந்தக் கானோரமும் அதை ஒட்டிய மேடும் ஒரே பூவாக நின்றன. எந்த வெட்டும் படவில்லை, எந்த மருந்தும் படவில்லை. விரிவுரையாளரிடம் போனில் கேட்டு இடத்தை மாற்றிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி அங்கேயே ஆய்வை முடித்தேன்.

பட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நாள் வந்துபோகிறவர்களுக்காகப் பள்ளத்தாக்கையே துடைத்து வைத்தவர்களின் கண்ணில், தலைமுறையாகக் குடியிருக்கிற எங்கள் கான் படாததால்தான் அது கிடைத்தது என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.