ஸுபஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஏழு மணித்தியாலம்

போன வருடம் நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம், கல்முனையில் என் வீட்டில் தொடங்கியது இது. முப்பத்துநான்கு வருடம் நில அளவையாளனாக நாவிதன்வெளி வயல்களில் தொப்பி போடாமல் வாங்கிய வெயில், என் நெற்றியில் இரண்டு சொரசொரப்பான திட்டுகளாக வந்திருந்தது. தோல் டொக்டர் இரவில் பூச ஒரு கிறீம் தந்தார். எட்டு வாரத்தில் கரையாவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். நெற்றியில் தையல் போட்டால் எத்தனை நாள் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூது செய்ய முடியாமல் போகும்? அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் நெற்றி சிவந்து, தோல் உரிந்து, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. மறுபடி போனேன். எரிச்சல் தணியக் காலையில் பூசும்படி விற்றமின் சி கிறீம் ஒன்றை எழுதித் தந்தார் அந்த டொக்டர் அம்மா. மருந்துக் கடையில் அது முடிந்துவிட்டது. இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார்கள். விற்றமின் சி தானே என்று தேசிக்காய் பிழிந்து பன்னிரண்டு துளி பூசினேன். பிறகு முற்றத்தில் ஓடினேன்.

"இஞ்சாருங்க, மீனுக்குப் புழியிறதையா நெத்தியில பூசினீங்க? இனி பொரிக்கிறதுதான் மிச்சம்," என்று மனைவி செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள்.

கிறீம் வந்தது. ஒரு வாரம் பூசியும் எரிச்சல் குறையவில்லை. இரவு மருந்தையே விட்டுவிட நினைத்தேன். அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். நான் குளித்துவிட்டுப் பதினொன்றேகாலுக்குப் பூசுகிறேன். பன்னிரண்டு மணிக்கு லுஹர் தொழுகைக்கு வுழூ எடுக்கும்போது மூன்று தரம் முகம் கழுவுகிறேன். நெற்றியில் மருந்து நின்றதே நாற்பத்தைந்து நிமிடம்.

தாளில் ஐந்து வக்துத் தொழுகை நேரத்தையும் எழுதி இடைவெளிகளை அளந்தேன். விடியலில் குளித்து, ஸுபஹ் தொழுததும் பூசினால் லுஹர்வரை ஏழு மணித்தியாலம் கிடைக்கும். கடைசித் தொழுகையான இஷாவுக்குப் பின் இரவுக் கிறீம். மறுநாளே தாளோடு டொக்டரிடம் போனேன்.

"ஐயா, இத நான்தான் முதலே கேட்டிருக்கோணும். ஒரு கொப்பி எடுக்கட்டா?"

"ஓம், எடுங்க. நோன்பு காலத்துக்கு வேற தாள் போடோணும்," என்றேன்.

பத்து நாளில் எரிச்சல் அடங்கியது. எட்டாம் வாரம் விளக்கைப் பிடித்துப் பார்த்த டொக்டர், வெட்டத் தேவையில்லை என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பள்ளிவாசலில் இறங்கி, பயமில்லாமல் நெற்றியை விரிப்பில் முழுதாகப் பதித்தேன்.

இன்றும் எந்த மருந்து கைக்கு வந்தாலும், அது என் ஒரு நாளுக்குள் எந்த இடத்தில் நிற்கும் என்று அளந்து பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்கிறேன்.