நாலு பேர் இரிக்கம் எண்டு நான் சொன்ன பொய்

போன மாரிக்கு முந்தின மாரியில, கல்முனைக்குடியில வட்டைப் பக்கமா இரிக்கிற எங்கட ஊட்டில நடந்த கதை இது. வட்டை எண்டா வயல்வெளி. அதில தண்ணி கூடினா முதல்ல வாற எங்கட ஒழுங்கைக்குத்தான், கூப்பிடாத விருந்தாளி மாதிரி வந்து குந்தும். எனக்கு எழுத்து வாசிப்பு கொஞ்சம்தான். ரெண்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் என்னைப் பாத்துப் பயந்திட்டு. அதனால கதைக்கிற மாதிரியேதான் சொல்லுவன், பொறுத்துக்கொள்ளுங்க.

மழைக்கு ரெண்டு மாசம் முந்தி ரெண்டு கெம்பஸ் புள்ளைகள் ஊட்டுக்கு வந்தாங்க. பொம்புளப் புள்ள தம்பிலுவில் ஊர், நெத்தியில சின்னப் பொட்டு. பொடியன் சாய்ந்தமருது. எங்கட ஊரில வயசாளிகளுக்கு உதவி செய்யிற ஒரு சின்ன நிறுவனம் இரிக்கு, அதில மூணு மாசம் பயிற்சி எடுக்கச் சொல்லி கெம்பஸால அனுப்பியிருந்தாங்க. வெள்ளம் வந்தா ஆரை முதல்ல தூக்கிற எண்டு ஊடு ஊடாப் பட்டியல் எடுக்காங்களாம். தனிய இரிக்கிறவங்களும் நடக்க ஏலாதவங்களும் முதல்.

அந்தப் புள்ள வயசு கேட்டா. அம்பது எண்டு சொன்னன். மூத்த மகனுக்கு எத்தினை வயசு எண்டு பொடியன் கேட்டான். நாப்பத்தெட்டு எண்டன். அவன் பேனையைக் கடிச்சிக்கொண்டு கணக்குப் பாத்தான். கெம்பஸில இதுக்குத்தான் படிக்கிறியா மகன், கிழவிகள்ட வயச நோண்டத்தானா எண்டு கேட்டன். பாவம், காது சிவந்து போச்சு. முழங்கால் எப்பிடி எண்டு கேட்டதுக்கு, ஓடச் சொன்னா ஓடுவன், ஆனா நீங்க தோத்திடுவீங்க எண்டு சொன்னன். மெய்யா எண்டா அந்தக் காலோட கிணத்தடிக்குப் போய் வரவே பாதி நாள் போகும்.

அதுக்கு மறுகா அந்தப் புள்ள கேட்டா, ஊட்டில எத்தினை பேர் எண்டு.

நாலு பேர் எண்டு சொன்னன். நானும் மகளும் மருமகனும் பேத்தியும்.

அதில மூணு பேர் கட்டாருக்குப் போய் அப்ப ஒரு வருசம்.

ஏன் சொன்னன்? எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்ணுட ஊட்டுக்கு வாற. ஊடு மகளுக்குச் சீதனம். தாய்க்காரி மகளோட அந்த ஊட்டிலயே காலம் முடிக்கிற. மகன்ட ஊடு எண்டா அது மருமகள்ட ஊடு. ஒரு நாள் போய்ச் சாப்பிடலாம், ரெண்டாம் நாள் கதிரையே குத்தும். மகன் எத்தினையோ தரம் கூப்பிட்டான், நான் போகல்ல. மகளுக்கு, அவன் ராவில வந்து என்னோட படுக்கான் எண்டு சொல்லி வெச்சன். ஒழுங்கைக்கும் அதேதான். ஊர் கதைக்கிற கதை காத்தோட போயிடும். கடுதாசியில 'தனிய இரிக்கா' எண்டு எழுதினா அது ஒபிசில கிடந்து என்ட மகள்ட பேரை நாறடிக்கும். அதுதான் என்ட பயம்.

அதோட வாயும் சும்மா கிடக்கல்ல. மருமகன் ராத்திரி டியூட்டி முடிச்சிட்டு உள்ளுக்குப் படுத்திருக்கார், மெதுவாக் கதைங்க, எழும்பினாக் கடிப்பார் எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டும் அரை மணித்தியாலம் வெறும் அறைக்குப் பயந்து குசுகுசு எண்டு கதைச்சதுகள். நான் வயித்துக்குள்ள சிரிச்சன். போகக்குள்ள அந்தப் புள்ள படியில நிண்டு செருப்பு மாட்டினா. கீழ பாத்தா, என்னைப் பாத்தா, கடுதாசியில என்னவோ வெச்சா. நான் கவனிக்கல்ல.

மாரி வந்திச்சு. மூணு நாள் விடாமப் பேஞ்சிச்சு. நாலாம் நாள் சுபஹுத் தொழுதிட்டு எழும்பக்குள்ள ஊட்டைச் சுத்தி வளவெல்லாம் தண்ணி. தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டக்குள்ள குசினிக்கு வந்திட்டு. பள்ளிவாசல் ஸ்பீக்கரில, வட்டைப் பக்கத்து ஆக்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்க எண்டு சொன்னாங்க. பக்கத்து ஊட்டுப் பொண்ணு புள்ளையை இடுப்பில வெச்சிக்கொண்டு மதிலால எட்டிப் பாத்து, வாங்க மாமி, சேந்து போவம் எண்டு கூப்பிட்டா. மகன் டிரக்டர் கொண்டு வாறான், நீ போ எண்டு சொல்லி அனுப்பினன். பொய்க்கு மேல பொய். மகனுக்கு எங்கட ஒழுங்கைக்குத் தண்ணி வந்ததே தெரியாது. கோல் எடுப்பம் எண்டா கரண்டும் இல்ல, போனும் செத்துப் போய்க் கிடந்திச்சு.

ஒரு மணித்தியாலத்துக்குள்ள தண்ணி முழங்காலுக்கு ஏறிட்டு. கட்டிலில ஏறினன். கட்டில் நனையக்குள்ள அதுக்கு மேல கதிரையை வெச்சி, அலுமாரியைப் பிடிச்சிக்கொண்டு அதில குந்தினன். பாத்துக்கொண்டிருக்கக்குள்ளயே அறைக்குள்ள ஒரு பாம்பு நீந்தி வந்து கட்டில் தலைமாட்டில சுத்திக்கொண்டிச்சு. தண்ணிப் பாம்போ என்ன பாம்போ, நான் பேர் கேக்கல்ல. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் எண்டு சொன்னன். சொல்லக்குள்ள பல்லு கிடுகிடு எண்டு அடிச்சிச்சு.

அப்பதான் ஒழுங்கையில மிஷின் சத்தம் கேட்டிச்சு. கடக்கரையில இருந்து மீன் பிடிக்கிற போட் ஒண்டை லொறியில ஏத்திக் கொண்டு வந்திருக்காங்க. ஜன்னலால பாத்தன். அதில அந்தச் சாய்ந்தமருதுப் பொடியன், கையில பொலித்தீன் உறைக்குள்ள பட்டியல். ரெண்டு ஊடு தள்ளி இரிக்கிற கண் தெரியாத கிழவியைத் தூக்கி ஏத்தினாங்க. மறுகா போட் என்ட வாசல் கடப்படிக்கு வந்திச்சு. மிஷினை மெதுவாக்கினாங்க. அல்ஹம்துலில்லாஹ் எண்டன்.

போட் ஓட்டுற காக்கா, அண்ணன் எண்டு சொல்லுவாங்களே, அவர் கத்திக் கேட்டார், இதில ஆரும் இரிக்காங்களா எண்டு. பொடியன் பட்டியலைப் பாத்தான்.

"இதில நாலு பேர், காக்கா. மருமகன் ஊட்டிலதான் இரிக்கார், அவர் அப்பவே கூட்டிக்கொண்டு போயிருப்பார்."

மிஷின் சத்தம் கூடிச்சு. நான் கத்தினன். மிஷினும் தகரத்தில கொட்டுற மழையும் சேந்து போட்ட சத்தத்தில என்ட சத்தம் எனக்கே கேக்கல்ல. கதிரை ஆடிச்சு. ஒரு கையை விட்டா விழுந்திடுவன். போட் போயிட்டு. என்ட பகிடியே வந்து என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போன மாதிரி இருந்திச்சு. தண்ணி கதிரைக் காலில பாதிக்கு வந்திட்டு. கலிமாவைச் சொல்லிக்கொண்டன். மௌத்துப் பயத்த, சாவுப் பயத்த விடப் பெரிசா ஒரு பயம் வந்திச்சு. இப்பிடியே நான் போனா, மகள் தாயத் தனிய விட்டுச் சாகடிச்சாள் எண்டு ஊர் அவளைத்தானே சொல்லும்? எந்தப் பேரைக் காப்பாத்தப் பொய் சொன்னனோ, அந்தப் பேரை நானே மூழ்கடிக்கப் பாத்தன்.

எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. திரும்பவும் மிஷின் சத்தம். இந்தத் தரம் போட் கடப்பைத் தாண்டி வளவுக்குள்ளயே வந்திச்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கொண்டு அந்தத் தம்பிலுவில் புள்ள, நெஞ்சளவு தண்ணியில நிண்டா. பொட்டு மழையில கரைஞ்சி மூக்கில ஓடிக் கிடந்திச்சு.

"உம்மா, கதவுத் தாழ்ப்பாள் உள்ளுக்கு. நீங்கதான் எடுக்கணும்."

ஏலாது எண்டு சொன்னன். கால் ஏலாது, பாம்பு இரிக்கு. பாம்பு எங்க எண்டு கேட்டா, காட்டினன். பொடியன் மற்ற ஜன்னலால தடியை விட்டுத் தட்டினான், அது அலுமாரிக்கு மேல ஏறிட்டு. அப்பவும் என்ட கை கதிரையை விடல்ல. கெஞ்சினா, விடல்ல. அவ என்ட முகத்தப் பாத்தா.

"மருமகன் எழும்பல்லயா உம்மா? எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லுங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. அழுகையும் வந்திட்டு. ரெண்டும் சேந்து வரக்குள்ள கை தானா விட்டிட்டு. தண்ணிக்குள்ள இறங்கினன். இடுப்புக்கு மேல வந்திச்சு. அவ வெளியால நிண்டு, வலது கை சுவரில, இப்ப ஒரு எட்டு, இன்னொரு எட்டு எண்டு சொல்லச் சொல்ல, குருடி மாதிரி நடந்தன். தாழ்ப்பாள் இறுகிக் கிடந்திச்சு. மூணாம் தரம் இழுக்கக்குள்ள கழண்டிச்சு. மறுகா ஆர் என்னைத் தூக்கினாங்க எண்டு ஞாபகமில்ல.

போட்டுக்குள்ள அவ என்னைப் பிடிச்சிக்கொண்டு பக்கத்தில குந்தினா. உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். பள்ளிக்கூடத்தில வாற ஆக்கள்ட பேரை அடையாளம் போட அவதான் குந்தியிருந்திருக்கா. நாலு பேர் எண்டு எழுதின ஊட்டில ஒராளும் வந்து சேரல்ல. போட் திரும்பி வந்ததும் அவளே ஏறிட்டா.

"அண்டைக்குப் படியில ஒரு சோடிச் செருப்புத்தான் கிடந்திச்சு, உம்மா. உள்ளுக்குப் படுத்தவர்ட செருப்பு எங்க? எங்கட பக்கமும் ஊடு மகளுக்குத்தான். அம்மம்மாவும் தனிய இரிக்கிறத இப்பிடித்தான் மறைக்கிறவ. பென்சிலால ஒரு புள்ளி மட்டும் வெச்சன். நான் அப்பவே வெட்டி எழுதியிருக்கணும். உங்கட முகத்தப் பாத்திட்டு எழுத மனம் வரல்ல."

சொல்லிப்போட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதா. பொய் சொன்னவள் நான், அழுறவள் அவ. என்ட நனைஞ்ச முக்காட்டால அவட மூக்கைத் துடைச்சன். பொட்டை அழிச்சிட்டன், உங்கட அம்மா அடிக்க வந்தா என்னைக் காட்டு எண்டு சொன்னன்.

பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அவட போனை வாங்கி மகளுக்கு நானே எல்லாத்தையும் சொன்னன். அவள் முழுக்கக் கேட்டாள். மறுகா, உம்மா, ஊர் என்னத்தையும் சொல்லட்டும், எனக்கு நீங்கதான் வேணும் எண்டாள். இப்ப பக்கத்து ஊட்டுப் பொண்ணுட மூத்த மகள் மெய்யாவே ராவில என்னோட வந்து படுக்காள். குறட்டை விடுறாள், பரவாயில்ல.

இந்த வருசம் வேற ரெண்டு புள்ளைகள் அதே கடுதாசியோட வந்தாங்க. எத்தினை பேர் எண்டு கேட்டாங்க. ஒராள் எண்டு சொன்னன், ராவில ரெண்டு. முழங்காலையும் காட்டினன். வயசு மட்டும் அம்பதுதான், அதில நான் அசையல்ல. மழை இருட்டிக்கொண்டு வந்தா படியில கிடக்கிற என்ட செருப்ப ஒருக்காப் பாப்பன். அண்டைக்கு அது அந்தப் புள்ளைட கண்ணில படாம இருந்திருந்தா எண்டு நினைச்சா, வெயில் நாளிலயும் எனக்குக் காலடி குளிருது.