முழுக்க முறுக்காத நட்டு

“வருதாடி?”

“வரலம்மா.”

“இப்ப?”

“கட்டம் கட்டமா ஒடையுது. இன்னும் கொஞ்சம் திருப்பு. நில்லு. அப்படியே வுடு.”

மொட்டை மாடியில் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு சொர்ணாம்பாள், கீழே டிவி முன்னால் மகள் சங்கரி. சென்னையில் தொலைத்தொடர்பு இன்ஜினியராக இருக்கும் சங்கரி தீபாவளி லீவுக்கு வந்திருந்தாள். குரங்கு தள்ளிவிட்ட டிஷ்ஷை இருவரும் நிமிர்த்தினார்கள். படம் தெளிந்ததும் சொர்ணாம்பாள் இறங்கி வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார், டிவியை அணைத்தார், உலை வைக்கப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் படம் வரவழைத்தவருக்கு உட்கார்ந்து பார்க்கப் பொறுமை கிடையாது. தாயும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவர் சொர்ணாம்பாள். அந்த வேலை குறைந்தபோது டிஷ் கம்பெனி ஒன்றின் ஏஜென்சியை எடுத்து ஜங்ஷன் ரோட்டில் கடை போட்டார். ஊரில் அப்போது இரண்டு கம்பெனிகள் முட்டிக்கொண்டிருந்தன. டிஷ்ஷின் நிறத்தை வைத்து நீலம், சிவப்பு என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். நீலம் தெற்கே பார்க்கும். சிவப்பு தென்கிழக்கே பார்க்கும். சொர்ணாம்பாள் நீலம்.

தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும் என்று வீட்டுக்காரர்கள் முறுக்கிக்கொள்வார்கள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பீங்கான் ஆலையில் விரிசல் விழுந்து கழித்துப்போட்ட வாஷ்பேசினை வாங்கி, ஜல்லியும் சிமெண்டும் போட்டு, அதில் டிஷ் கம்பத்தை நட்டுவிடுவார். ஒருமுறை வாஷ்பேசின் கிடைக்காமல் கழிப்பறைக் கோப்பையை வைத்துவிட, அந்த வீட்டு அம்மாள் முகம் சுளித்தார். “மேல போயி யாரு பாக்கப்போறா? சீரியல் வரும்போது வாசன வராது, பயப்படாதீங்க” என்றார் சொர்ணாம்பாள்.

பக்கத்து ஊரான மங்கலம்பேட்டையில் அவருக்குத் தனி மவுசு. அங்கே பல வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில், அடுப்படியைத் தாண்டி மாடிக்குப் போக ஒரு பெண் வந்தால் யாருக்குத்தான் வசதியாக இராது? பஸ் ஸ்டாண்டு பக்கம் சிவப்பு ஏஜென்சி வைத்திருந்த பரக்கத்துல்லாவின் சொந்த ஊரே மங்கலம்பேட்டைதான். “எங்க தெருவுலயே எனக்கு வியாபாரம் இல்லாம பண்ணிட்டீங்களே யக்கா” என்பார் அவர். “பொடவ கட்டிக்கிட்டு வந்து பாருங்க பாய், கூப்புடுவாங்க” என்பார் இவர்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு. சிவப்பு டிஷ்ஷில் சொர்ணாம்பாள் விரல் வைக்க மாட்டார். ஒரே ஒரு திருகாணிதான் என்று கெஞ்சினாலும் அந்த மாடியில் நின்றபடியே போன் போடுவார். “பாய், உங்க டிஷ்ஷு வானத்த வுட்டுட்டு பக்கத்து வூட்டு அடுப்படிய பாக்குது. வந்து திருப்பிட்டுப் போங்க.”

ஐப்பசியில் செய்தி வந்தது. இரண்டு கம்பெனிகளும் ஒன்றாக இணையப் பேச்சு நடக்கிறதாம். இணைந்தால் ஊருக்கு ஒரு ஏஜென்சிதான் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கடைகளில் ஒன்று போகும். எது என்று அவர் சொல்லவில்லை.

சொர்ணாம்பாள் சங்கரிக்குப் போன் செய்தார். “இதுல பொண்ணு வூடு எது, மாப்பிள்ள வூடு எதுடி?”

“பேச்சுதாம்மா நடக்குது. ஒண்ணும் முடிவாகல.”

“பாக்கு வெத்தல மாத்தறவரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

அந்த நம்பிக்கையில்தான் தப்பு செய்தார். கம்பெனி ஒன்றானால் டிஷ்ஷும் ஒரே பக்கம் பார்த்தாக வேண்டும், எல்லாவற்றையும் திருப்பும் நாள் வரும் என்று அவராகவே முடிவு கட்டினார். புதிதாக மாட்டிய டிஷ்களில் நட்டை முழுக்க முறுக்காமல் விட்டார். பின்னால் திருப்பச் சுலபமாக இருக்குமாம். சங்கரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கார்த்திகையில் புயல் காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் மங்கலம்பேட்டையில் அவர் புதிதாக மாட்டிய நீல டிஷ்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றன. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு மாடியில் முறுக்கிக்கொண்டிருந்தபோது எதிர்மாடியிலிருந்து குரல் வந்தது. பரக்கத்துல்லா, தன் வாடிக்கையாளர் வீட்டு டிஷ்ஷைப் பார்க்க ஏறியிருந்தார்.

“என்னக்கா, டிஷ்ஷு விக்கறீங்களா, காத்தாடி விக்கறீங்களா?”

சொர்ணாம்பாள் காரணத்தைச் சொன்னார். எதிர்மாடியில் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பிறகு பரக்கத்துல்லா மாடிச்சுவரில் கையூன்றிக் கேட்டார். “ஒரு கடதான்னு சொல்லிட்டா, யாரு யக்கா போறது?”

“ஏன் போவணும்? அவங்க சேர்றதுக்கு முன்ன நாம சேந்துட்டா? நீங்க கடையில உக்காருங்க. நான் மாடி ஏறுறேன். ரெண்டு பேரும் ஒரே கடன்னு போயி நின்னா எவன எடுப்பான், எவன வுடுவான்?”

“அப்ப மொதல்ல எங்க வூட்டு டிஷ்ஷ வந்து பாருங்க. காத்துல சாஞ்சி கெடக்குது. செவப்புதான். தொடுவீங்களா?” என்றார் பரக்கத்துல்லா.

“வெள்ளிக்கெழம வரேன் பாய்.”

இதைச் சங்கரியிடம் போனில் சொன்னபோது சொர்ணாம்பாள் குரலில் அத்தனை உற்சாகம். கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூடக் கேட்டார்.

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். எழவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், கடையைக் காலி செய்துவிடலாம் என்று சங்கரி போனாள். உள்ளே அம்மா மாட்டாமல் வைத்திருந்த நீல டிஷ்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பார்க்க முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கியபோது பரக்கத்துல்லா குனிந்து எட்டிப் பார்த்தார்.

“மூடாதம்மா” என்றார். “கம்பெனிங்க சேந்தா சேரட்டும், சேராட்டிப் போவட்டும். நானும் உங்கம்மாவும் பேசி முடிச்சிட்டோம். உங்கம்மா வாடிக்கைங்க போன் போட்டா நான் பாக்கறேன். நீ லீவுல வந்து பொம்பளைங்க வூட்டு வேலைய பாரு. அதுக்குள்ள இங்கேயே ஒரு பொண்ண தேடிடலாம்.”

சங்கரி ஷட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை.

“எங்க வூட்டு டிஷ்ஷ நான் நிமித்தப் போனேன். எம் பொண்டாட்டி அஜீஸா வுடல. சொர்ணம்மா வரேன்னு சொன்ன வேலன்னு ஒரே பிடிவாதம். வூட்ல டிவி இல்லாமத்தான் இருக்கா.”

சங்கரி ஷட்டரை மேலே தள்ளினாள்.

“எந்தப் பக்கம் சாஞ்சிருக்குது பாய்?”

பரக்கத்துல்லா ஒரு கையைக் கிண்ணம்போலக் குவித்து, முகத்துக்கு நேரே தூக்கி, மெதுவாக மேற்கே சாய்த்துக் காட்டினார்.